படகில்லாமல் ஒரு விண்ணப்பம்

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. ஊற்று, உந்துதல், உள்மனத்தின் குரல் என்றெல்லாம் நூல் வெளியீட்டு விழாக்களில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அன்று நான் டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் என் வீட்டுக் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிராண்டே என்ற ஊரிலிருந்து, தெரிந்த குடும்பத்துச் சுசீலாதேவி அழைத்தார்.

“அண்ணை, நீங்கள் எழுதுறனீங்கள்தானே?”

டென்மார்க்கில் ஒரு தமிழர் என்னிடம் இப்படிக் கேட்டால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். ஏனென்றால் நான் எழுதுவது கல்வெட்டு. (அறியாதவர்களுக்கு: இதில் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. அட்டையில் படம்; உள்ளே பிறப்பு, மணம், மக்கள், பிரிவு, புலம்பல்.) சிறுகதைகளும் எழுதியிருக்கிறேன். அவற்றை வாசிக்கவேண்டிய கட்டாயம் இதுவரை யாருக்கும் நேரவில்லை. கல்வெட்டு என்றால் சாப்பாடு வரும்வரைக்குமாவது புரட்டுவார்கள்.

“ஐயோ, ஆர் தங்கச்சி மோசம் போனது?”

“சீச்சீ, ஒருத்தரும் இல்லை அண்ணை. பிள்ளை லண்டனுக்கு அப்ளை பண்ணுறா. அதுக்குத் தன்னைப்பற்றி எழுதிக் குடுக்கவேணுமாம். நீங்கள் தமிழிலை எழுதித் தந்தால் அவள் இங்கிலீசிலை மாத்துவாள். உங்கடை எழுத்துக்கு ஆக்கள் அழுவினம் எல்லே?”

“பிள்ளை அமெரிக்காவிலை எல்லோ படிக்கிறா?”

“ஓம் ஓம். அங்கைதான் நிக்கிறா.”

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னாலிருந்து ஓர் இளம் தும்மல் கேட்டது. உடனே சுசீலாதேவியும் தும்மினார். முதல் தும்மலும் தன்னுடையதுதான் என்று எனக்குக் காட்டுவதற்காக. நாற்பது வருடம் கதை எழுதிய எனக்குத் தெரியும், அந்த இரண்டாம் தும்மல்தான் கதை.

2

இனித் தொடக்கம். மூன்று எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: “கரிய கடல் சீறிக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறு படகில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த அந்த மனிதர்களின் கண்களில்—”

(இந்த வசனத்தை இதோடு விடுகிறேன். ஏன் என்று பிறகு தெரியும். ஆனாலும் அடித்துவிட மனம் வரவில்லை. இப்படித் தொடங்கும் கதைகளுக்குப் பரிசு கிடைப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.)

தொடக்கம் இரண்டு: “உலகப் புகழ்பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தின் கோபுரங்களில் மாலை வெயில்—”

(இதையும் விடுகிறேன். அந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கதையை வாசலில் விட்டுவிட்டுக் கட்டடம் பார்க்கப் போய்விடுவீர்கள். எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்தில் எந்த ஊரும் லண்டன்தான். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் மூன்று: சாரங்கி காரின் பின் இருக்கையில் போர்வைக்குள் படுத்திருந்தாள்.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் ஏன் படுத்திருக்கிறாள் என்று சொல்லாமல் காரை எடுக்க முடியாது.

3

சாரங்கிக்கு இருபது வயது. சுசீலாதேவிக்கும் குணசேகரத்துக்கும் ஒரே பிள்ளை. தாய்க்கு முதியோர் இல்லத்தில் வேலை. தகப்பன் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் களஞ்சியப் பகுதியில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். பிள்ளை கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளியை நல்ல புள்ளிகளோடு முடித்துவிட்டு, சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்குப் புலமைப்பரிசில் பெற்றுப் போனாள். ஒரு வருடம் படித்தாள். கோடை விடுமுறைக்கு வந்தாள். கோடை முடிந்தது, அவள் போகவில்லை.

“நான் இங்கிலாந்துக்கு மாறப்போறன்” என்றாள்.

(அவள் இதை டேனிஷில் சொன்னாள். பெற்றோருடன் பெரும்பாலும் டேனிஷில்தான் கதைப்பாள். அவர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். இரு தரப்பும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நான் தமிழில் தருகிறேன். அதனால் அவள் உள்ளதைவிடக் கொஞ்சம் பணிவான பிள்ளையாகத் தெரிவாள். நம்பாதீர்கள்.)

சுசீலாதேவி அழவில்லை, சத்தம் போடவில்லை. வாசல் கதவைப் பூட்டினார்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. நீ அங்கைதான் நிக்கிறாய். லண்டன் சரி வந்தாப்போலை சொல்லுவம்.”

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. விசாவோ, வீடு வாங்குவதோ, கலியாணப் பேச்சோ, வயிற்றில் பிள்ளையோ, சரிவரும்வரை வெளியே விடமாட்டோம். கண்ணூறு, நாவூறு பட்டுவிடும். சரிவந்த பிறகு மண்டபம் பிடித்துச் சொல்லுவோம். நடுவில் இருக்கும் மாதங்களில் நடப்பவை எல்லாம் நடக்காதவை. அமெரிக்காவிலிருந்து நேரே லண்டன் என்றால் பிள்ளை ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவிலிருந்து பிராண்டேக்கு வந்து, சோபாவில் இருந்து றூபுறோட் என்ற கறுப்புப் பாணைச் சப்பிவிட்டு, பிறகு லண்டன் என்றால் அது வேறு கதை.

ஆகவே சாரங்கி தன் சொந்த வீட்டில் ஒளித்திருந்தாள். வாசல் பக்க யன்னல் சீலை எந்நேரமும் மூடியிருந்தது. கோயிலுக்குப் போவதில்லை. கடைக்குப் போவதில்லை. பிராண்டேயில் தமிழர்கள் ஒருவர் காரை மற்றவர் நிறத்தாலும் நெளிவாலும் அறிவார்கள். பவளராணி மட்டும் சத்தத்தாலும் அறிவார். பவளராணி, சுசீலாதேவியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அவருக்கு ஒரு செய்தி தெரிந்தால் அது தேநீர் ஆறுவதற்குள் தூரத்து ஊரான ஸ்கீவவுக்குப் போய்விடும். அவருடைய மகள் துவாரகா மருத்துவம் படிக்கிறாள், அதுவும் மாறாமல், ஒரே இடத்தில்.

“உன்ரை மேள் எப்பிடியடி? ஒருக்கா போன் போட்டுக் குடுவன், கதைப்பம்” என்பார் வீட்டுக்கு வரும் பவளராணி.

“அங்கை இப்ப விடியக்காலமையல்லோ அக்கா. பிள்ளை நித்திரை” என்பார் சுசீலாதேவி. பிள்ளை அடுத்த அறையில் காதுகளைப் பொத்திக்கொண்டு இருப்பாள். அமெரிக்காவில் அந்த இலையுதிர் காலம் முழுவதும் விடியவே இல்லை.

4

அவள் ஏன் அமெரிக்காவை விட்டாள்? இதை அவள் அப்போது பெற்றோருக்குச் சொல்லவில்லை. பிறகு எனக்குச் சொன்னாள். எழுத்தாளனிடம் சொன்னால் அது யாரிடமும் சொல்லாததுபோல என்று நினைத்தாளோ தெரியாது. இதோ, உங்களிடம் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்கும். உன்னை உருவாக்கிய ஒரு சம்பவத்தைச் சொல். பிராண்டேயில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன சம்பவம்? ஒருமுறை சைக்கிள் களவு போனது. அதுவும் இரண்டு தெரு தள்ளிக் கிடந்து கிடைத்தது. சைக்கிளுக்கு எவன் புலமைப்பரிசில் கொடுப்பான்?

அவளுடைய அப்பா அகதியாக வந்தவர். எப்படி வந்தார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாத இடம் வெறுமையாக இருந்தது. அதில் சாரங்கி ஒரு படகை விட்டாள். இருண்ட கடல், தீர்ந்த தண்ணீர், நடுங்கும் மனிதர்கள், அவர்கள் நடுவில் இளைஞனாக அவளுடைய அப்பா. கல்லூரி அழுதது. கூப்பிட்டது. கல்லூரிக் கையேட்டின் அட்டையில் தாயின் சேலையோடு அவள் படம் வந்தது.

பிறகு விருந்துகள் தொடங்கின. கல்லூரிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர்கள் வருவார்கள். இனிப்புப் பரிமாறுவதற்கு முன் சாரங்கியை எழுப்பிக் கதை சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு விருந்திலும் படகு சற்றுச் சிறுத்தது, அலை சற்று உயர்ந்தது. ஒருமுறை கைதட்டல் மெல்லியதாக இருந்தது என்று அடுத்த முறை ஒரு குழந்தையையும் ஏற்றினாள். வசந்தகால விருந்தில் ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்ணெல்லாம் நீர். “அந்தக் குழந்தை பிழைத்ததா?” என்று கேட்டார். அவள் அந்தக் குழந்தையைப்பற்றி அதற்குமேல் யோசித்திருக்கவில்லை. அடுத்த மாதம் பெட்டியைக் கட்டினாள்.

இங்கிலாந்துக்காரருக்கு அழுகை பிடிக்காது என்று கேள்விப்பட்டிருந்தாள். அதுதான் அவளை இழுத்தது.

5

பெற்றோர் நினைத்தது, அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு மாறுவது வேயில நிலையத்தில் ரயில் மாறுவதுபோல என்று. இருக்கை மாறும், பயணம் தொடரும். இங்கிலாந்துக்காரர் அப்படி இல்லை. ஒரு வருடம் படித்துவிட்டாயா, மிக்க மகிழ்ச்சி, அதைக் கொண்டுபோய் உன் வீட்டில் வை, இங்கே முதலாம் வருடத்திலிருந்து தொடங்கு என்றார்கள். மிகவும் மரியாதையான மொழியில் சொன்னார்கள். அந்த மொழியில் அவர்கள் ஆளைத் தூக்கிலிட்டாலும் நன்றி சொல்லத் தோன்றும். படித்ததை மறைக்கவும் விடமாட்டார்கள். அமெரிக்கப் புள்ளிகள் வேண்டும். அமெரிக்காவில் படிப்பித்த ஒருவரோ, பிள்ளையின் படிப்பை நன்றாக அறிந்த வேறொருவரோ எழுதிய பரிந்துரை வேண்டும். ஏன் விட்டாய் என்பதற்கு முகம் சுளிக்காத ஒரு விளக்கமும் வேண்டும்.

அதோடு மூன்று கேள்விகள்: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், உன் படிப்பு உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். முதலாவதுக்கு நான் எழுதியனுப்பிய பதிலை இங்கே தருகிறேன். மறைத்து என்ன பயன்.

“டென்மார்க் ஹேர்னிங்கைப் பிறப்பிடமாகவும், பிராண்டேயை வதிவிடமாகவும், ஐக்கிய அமெரிக்காவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட செல்வி சாரங்கி அவர்கள் புவியியலின்மீது தீராத பற்றுக் கொண்டவர் ஆவார். அன்னார் குணசேகரம், சுசீலாதேவி தம்பதிகளின் பாசமிகு ஏகபுத்திரியும், கல்வியே கண்ணெனக் கருதியவரும்...”

மறுநாள் சாரங்கி அழைத்தாள். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன். ஒளித்திருப்பவர்களுக்கு வரும் அடங்கிய குரல்.

“அங்கிள், எனக்குத் தமிழ் வாசிக்கக் கன நேரம் பிடிக்கும். போனிலை மொழிபெயர்த்துப் பாத்தனான். நான் செத்துப்போனன் எண்டு வருது.”

“அது... ஒரு மரபு, பிள்ளை.”

“ஓம், நல்லா இருக்கு. எல்லாரும் என்னை மிஸ் பண்ணுகினம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கக் கேள்வி கேட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் வழி. “சரி, உமக்கு ஏன் புவியியல் பிடிச்சது?”

கிம்னாசியத்தில் பீற்றர் என்று ஓர் ஆசிரியர் இருந்தாராம். ஒருநாள் மழைக்குள் வகுப்பைப் பற்றைநிலத்துக்குக் கூட்டிப்போய் மண்வெட்டியைக் கொடுத்துக் குழி தோண்டச் சொன்னாராம். மேலே கறுப்பு மண், அதன்கீழ் சாம்பல் மணல், அதற்கும் கீழே துருநிறத்தில் கல்லுப்போல இறுகிய ஒரு படை. மண்வெட்டி அதில் பட்டதும் ‘டங்’ என்றதாம். பழைய காலத்தில் மரத்தின் வேர்கூட அதைத் தாண்டாதாம். அதை உடைத்துத்தான் யூலன் தீபகற்பத்துப் பற்றைநிலங்களை வயலாக்கினார்களாம்.

“அந்தச் சத்தம் எனக்குப் பிடிச்சது” என்றாள். “வீட்டை வந்து வரைபடம் வரைபடமாத் தேடினன். ஒவ்வொரு ஊரிலையும் கீழை என்ன கிடக்குது எண்டு.”

என் கை அரித்தது. “அருமை! வேர் தாண்ட முடியாத படை. புலம்பெயர்ந்த நாங்களும் அப்பிடித்தானே? இந்த அந்நிய மண்ணிலை வேர்விட—”

“அங்கிள்.”

“ஓம்?”

“அது மண். மண்ணாவே விடுங்கோ.”

6

அவளே எழுதினாள். மண்ணை மண்ணாகவே விட்டு எழுதினாள். எனக்கு அனுப்பினாள், ஓர் இடத்திலும் கண்ணீர் வரவில்லை, குழி தோண்டவேண்டும்போல இருந்தது. நான் சில இடங்களில் ‘அன்னார்’ சேர்க்கலாமா என்று நினைத்து, நினைத்ததோடு நிறுத்தினேன்.

அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து பரிந்துரை வந்தது. எழுதியவர் யூலியானா, கல்லூரியில் அவளுக்கு ஆலோசகராக இருந்தவர். நல்ல மனுசி. வழக்கத்தில் இதையெல்லாம் மாணவருக்குக் காட்டுவதில்லை. அவர் அன்பின் மிகுதியால், இங்கிலாந்துக்கு அனுப்புமுன் ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பியிருந்தார். தாய் முதல் பந்தியை மட்டும் கூகுளில் போட்டு வாசித்துப் பூரித்துப்போனார். சாரங்கி முழுவதையும் வாசித்தாள். இரண்டாம் பந்தியிலேயே கடல் கொந்தளித்தது. படகு. இருட்டு. நடுங்கும் தகப்பன். குழந்தை. இந்தப் பிள்ளையின் நெஞ்சுறுதிக்கு அந்த இரவுதான் ஊற்று என்று யூலியானா முடித்திருந்தார். மண்ணைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படகு அவளுக்கு முன்னால் இங்கிலாந்துக்குப் புறப்படத் தயாராகிவிட்டது.

இப்போது அவளுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நீங்களும் இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் நிற்கிறது: படகு இல்லாமல் தன்னை யாராவது எடுப்பார்களா? யூலியானாவின் பரிந்துரை போனால் நல்ல வாய்ப்பு. ஆனால் நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் குழந்தையைக் கேட்பார். பிறகு மூன்று வருட விருந்துகள். வேறு பரிந்துரை என்றால் அவளை நன்றாக அறிந்த ஒருவர் இருக்கிறார்: மண்வெட்டி கொடுத்த பீற்றர். பக்கத்து ஊரில் வீடு. இப்படி ஒன்றை நேரில் போய்த்தான் கேட்கமுடியும், போகக் கார் வேண்டும். கார் என்றால் அப்பா.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். குணசேகரம் எனக்குச் சரியாக வரவில்லை. புலம்பெயர் கதைகளில் பேசாத அப்பா என்றால் நெஞ்சுக்குள் ஒரு போரை அடக்கிவைத்திருப்பார், கடைசிப் பக்கத்தில் யன்னலைப் பார்த்து ஒரு வசனம் சொல்வார், நாம் கலங்குவோம். நானும் அவரை அப்படித்தான் வரைந்து பார்த்தேன். பிறகு சாரங்கியிடம் கேட்டேன், “அப்பா ஏன் கதைக்கிறேல்லை?” “அம்மா இடம் விடுறேல்லை” என்றாள்.)

7

இப்போது தொடக்கம் மூன்றை எடுக்கலாம்.

சாரங்கி காரின் பின் இருக்கையில் போர்வைக்குள் படுத்திருந்தாள். சனிக்கிழமை முற்பகல். ஊர் எல்லை தாண்டும்வரை தலையைத் தூக்கக்கூடாது என்பது தாயின் கட்டளை. அவளுக்குத் தெரிந்தது கூரை, முன் இருக்கையின் முதுகு, அப்பாவின் ஒரு காது.

“எனக்கு ஒண்டு விளங்கேல்லை” என்றது காது. “அந்த அமெரிக்கா மனுசி திறமா எழுதியிருக்கிறா எண்டு அம்மா சொன்னவா. பேந்து ஏன் பீற்றரிட்டைப் போறம்?”

“அதிலை படகு இருக்கு அப்பா.”

“என்ன படகு?”

“நீங்கள் வந்த படகு.”

கார் கொஞ்சத் தூரம் போனது. திரும்ப வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே அவர் சிக்னல் போட்டார். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டே இருந்தது.

“நான் எப்ப படகிலை வந்தனான்?”

அவள் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முகம் தெரியாதது வசதியாக இருந்தது. கட்டுரை, கையேட்டு அட்டை, விருந்துகள், சிறுத்துக்கொண்டே போன படகு. டேனிஷில் தொடங்கியது, எங்கோ தமிழுக்கு மாறியிருந்தது. குழந்தையையும் சொன்னாள்.

“ஆற்றை குழந்தை?”

“ஒருத்தற்றையும் இல்லை. நான் சும்மா போட்டது.”

“அதுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

“இல்லை அப்பா. ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப சரி” என்று சிக்னலை நிறுத்தினார்.

பிறகு அவராகவே சொன்னார். “நான் பிளேனிலை வந்தனான் பிள்ளை. மொஸ்கோ, பேந்து கிழக்கு பெர்லின். அங்கை இருந்து ரெயின், கப்பல். கப்பல் எண்டால் மாளிகை மாதிரி. உள்ளுக்குக் கடை, சென்ற் போத்தில், குசன் கதிரை. எங்களைக் கண்டிட்டு ஒரு டேனிஷ் கிழவி சிவப்புச் சொசேஜ் ஒண்டு வாங்கித் தந்தவா. நல்ல பசி. சாப்பிட்டுப்போட்டு, மனுசி இன்னொண்டு தருமோ எண்டு முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பேந்துதான் தெரியும் அது பண்டி இறைச்சி எண்டு.”

சாரங்கி போர்வைக்குள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சத்தமாக. “ஏன் இதை ஒருநாளும் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டனீங்கள்? பண்டி திண்ட கதையைக் கூப்பிட்டு வைச்சுப் பிள்ளைக்குச் சொல்லுறதே? கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை, கோயில் சபையிலை என்னை வைச்சிருக்கினம்.”

“அப்ப நீங்கள் ஒரு கஷ்டமும்...”

“வந்த கதை இதுதான்” என்றார் குணசேகரம். “ஊரை விட்டு வெளிக்கிட்ட கதை வேறை. அது ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. ஸ்கொலசிப் தந்தாலும்.”

(இதற்குப் பிறகு ஒரு பந்தி எழுதியிருந்தேன். வெளிக்கிட்ட கதை என்னவாக இருக்கும் என்று. நன்றாகவே வந்திருந்தது. அவர் கொடுக்கவில்லை, எடுத்துவிட்டேன். இதுவரை நான் எடுத்துவிட்ட பந்திகளில் இதற்காகத்தான் அதிகம் வருந்துகிறேன். பரிசுக் குழுவுக்கு மிகவும் பிடித்திருக்கும்.)

கொஞ்சம் பொறுத்து அவர், “ஆனாலும் எழுதுறதெண்டால் படகு நல்லம்தான். சொசேஜுக்கு ஆர் இடம் தருவான்?” என்றார்.

அவளுடைய பயமும் அதுதான்.

8

காரின் ஒலிபெருக்கியில் சுசீலாதேவி வந்தார். “எங்கை நிக்கிறியள்? பால் முடிஞ்சுது. தயிருக்கும் சேத்து வாங்குங்கோ. பிள்ளை படுத்திருக்கிறாளே? தலையைத் தூக்க விடாதைங்கோ.”

“ஓம், ஓம்.”

ஊர் எல்லையில் இருக்கும் சுப்பர் மார்க்கெட்டின் முன்னால் காரை நிறுத்தி, “இஞ்சை கிட, இந்தா வாறன்” என்று இறங்கிப் போனார்.

சாரங்கி கிடந்தாள். போர்வையில் பழைய கறித்தூள் மணம். வெளியே தள்ளுவண்டிச் சில்லுகள் உருளும் ஓசை. பிறகு ஒரு காரின் ஓசை, பக்கத்தில் வந்து நின்றது. கதவு. வளையல்.

“இது குணசேகரம் அண்ணையின்ரை காரெல்லோ...” என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னது பவளராணியின் குரல்.

யன்னலருகே நிழல் விழுந்தது. சாரங்கி மூச்சை அடக்கினாள். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அப்பாவின் காலடி வந்தது. இரண்டு கையிலும் பால் பெட்டிகள் இருந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை உரசியது.

“என்ன அண்ணை, தனியவோ? சுசீலா வரேல்லையே?”

“அவவுக்கு வேலை.”

“பாலைக் குடுங்கோ, பின்னுக்கு வைச்சு விடுறன்.”

“வேண்டாம் வேண்டாம், நான் வைப்பன்.”

“மேளின்ரை பாடு எப்பிடி? எந்த நேரமும் நித்திரையெண்டு சுசீலா சொல்லுறா. அமெரிக்காவிலை பிள்ளையளுக்கு நித்திரைதான் பாடமோ? துவாரகா போன் அடிச்சுப் பாத்தவள், எடுக்கிறேல்லையாம். எங்கை அண்ணை பிள்ளை?”

பை உரசுவது நின்றது.

குணசேகரம் வாழ்நாளில் யாருக்கும் இடையில் பேசாதவர். இப்போது பேசவேண்டியவர் அவர் மட்டும்தான்.

“மேளோ?” என்றார். “மேள்...”

9

இதுவரைதான் சாரங்கி எனக்குச் சொன்னாள்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

குணசேகரம், “மேள் அங்கை, நித்திரை” என்கிறார். பவளராணி போகிறார். பீற்றரின் வீடு வருகிறது. பீற்றர் இரண்டு பக்கம் எழுதித் தருகிறார், முழுக்க மண். மாதங்கள் கழித்து இங்கிலாந்துக்காரர் மிகவும் மரியாதையான மொழியில்—

(எந்தப் பதிலைப் போட்டாலும் பொய்யாகத் தெரிகிறது. ‘வா’ என்றால் சுசீலாதேவி மண்டபம் பிடிப்பார், பொன்னாடை வரும், என்னை வாழ்த்துப்பா எழுதச் சொல்வார். ‘வேண்டாம்’ என்றால் அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் பின் இருக்கையில் கிடக்கும், இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு.)

இன்னொன்று: சாரங்கி தும்முகிறாள். குணசேகரமும் தும்முகிறார்.

(வாசகர்கள் சிரிப்பார்கள். அதற்காகவே விட்டுவிட்டேன்.)

இன்னொன்று: போர்வை அசைகிறது. யன்னல் கண்ணாடியில், கலைந்த தலையோடு, ஒரு வருடக் கல்லூரியோடு, எந்தப் பல்கலைக்கழகமும் இல்லாமல், கன்னத்தில் இருக்கையின் தையல் அடையாளத்தோடு, ஒரு பெண்ணின் முகம் மெல்ல—

இதை முடிக்க ஆசையாகத்தான் இருந்தது. சாரங்கியை அழைத்தேன்.

“பிள்ளை, பிறகு என்ன நடந்தது? அப்பா என்ன சொன்னவர்? நீர் எழும்பினீரோ?”

மறுமுனையில் ஏதோ ஓசை. அது வீட்டின் ஓசையா, தெருவின் ஓசையா என்று கூர்ந்து கேட்டேன். பிடிபடவில்லை.

“அங்கிள்,” என்றாள், “நீங்கள் எழுதுறனீங்கள்தானே?” வைத்துவிட்டாள்.

எழுதுறனான்தான். ஆனால் என் தொழில் உங்களுக்குத் தெரியும். நான் எழுதியவர்கள் எல்லோரும் படுத்திருந்தவர்கள். அவர்களுக்குப் பிறப்பிடம் எழுதுவேன், வதிவிடம் எழுதுவேன், அழுகிறவர்களின் பெயரை வயது வரிசையில் எழுதுவேன். எழும்புகிற ஆளை எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை.

கார் அங்கேயே நிற்கிறது. பால் பெட்டிகள் அவர் கையில் கனக்கின்றன. பவளராணி கண்ணாடிக்குக் கிட்டக் குனிகிறார். போர்வையின் ஒரு நுனி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.